அரிசி அருகில், கீரை எவ்வளவு தொலைவில்?
ஊரின் உணவு வரைபடம்: குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு வகுப்பறைச் செயல்பாடு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலின் பொருளியல் பகுதியில் ‘உணவுப் பாதுகாப்பு மற்றும் ஊட்டச்சத்து’ என்றொரு பாடம் உண்டு. உணவு இருக்க வேண்டும், அது மக்களின் கைக்கு எட்ட வேண்டும், உண்டது உடலில் சேர வேண்டும் என்ற மூன்று கூறுகளையும் மாணவர்கள் தடையின்றிச் சொல்லிவிடுவார்கள். “சரி, நம் ஊரில் எந்த உணவு யார் கைக்கு எட்டவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். பாடநூலில் விடை இல்லாத கேள்வி அது. விடை தெருவில் இருக்கிறது.

மேலை நாடுகளில் இதற்கு ‘உணவுப் பாலை’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் பிறந்த சொல். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவுகோல் ஒன்றின்படி, வருமானம் குறைந்த பகுதியில், நகரம் என்றால் 1 மைலுக்கு மேல், கிராமம் என்றால் 10 மைலுக்கு மேல், அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் பெரிய மளிகைக் கடை கிடைக்கும் என்ற நிலையில் மக்கள் வாழ்ந்தால் அது உணவுப் பாலை. இந்த அளவுகோலைத் திருவள்ளூர் மாவட்டத்தின் குத்தம்பாக்கத்தில் வைத்தால் என்ன கிடைக்கும்? பூந்தமல்லி அந்த எல்லைக்குள் இருக்கிறது. திருமழிசை இன்னும் அருகில். ஆகவே பாலை இல்லை என்று முடித்துவிடலாம். ஆனால் கார் வைத்திருப்பவர்களின் நாட்டுக்குச் செய்த அளவுகோல் அது. பேருந்துக்கு நின்று, இரண்டு கையிலும் பை தூக்கி வருகிறவருக்கு அது பொருந்தாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம்மிடம் நியாய விலைக் கடை இருக்கிறது. 2011 ஜூன் 1 முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வந்தன. இந்தியாவில் அட்டை உள்ள எல்லாருக்குமான பொது விநியோகம் என்றால் தமிழ்நாட்டைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் பெருமைப்படுவது சரியே. அதே தமிழ்நாட்டில், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இரத்தசோகைக்குக் குடற்புழு முதலான வேறு காரணங்களும் உண்டு என்பதை அறிவியல் ஆசிரியர்கள் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் உணவின் பங்கை ஒதுக்க முடியாது. நியாய விலைக் கடையில் கீரை கிடையாது. பழம், பால், முட்டை கிடையாது. அரிசியைப் பொறுத்தவரை நம் ஊர்கள் பாலை அல்ல. தட்டில் அரிசியைச் சுற்றி இருக்க வேண்டியவற்றைப் பொறுத்தவரை பல தெருக்கள் பாலைதான்.

இனிக் குத்தம்பாக்கத்துக்கு வருவோம். வேதிப் பொறியாளரான இளங்கோ ரங்கசாமி அந்த வேலையை விட்டுவிட்டு, 1996இல் இந்த ஊரின் ஊராட்சித் தலைவரானார். 2006 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் செய்தவற்றில் ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் பயன்படுவது ஓர் எளிய கேள்வி. இந்த ஊர் மக்கள் ஒரு மாதத்தில் எதையெல்லாம் வாங்குகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது? பட்டியல் போட்டுப் பார்த்தபோது, ஊரில் விளையும் பொருளே வெளியே போய், வேறு இடத்தில் அரைபட்டு, உடைபட்டு, பொட்டலமாகி, கூடுதல் விலையில் ஊருக்கே திரும்புவது தெரிந்தது. நெல்லாகப் போய் அரிசியாக வருவது ஓர் எடுத்துக்காட்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு போன்றவற்றை அருகருகே உள்ள கிராமங்கள் தங்களுக்குள்ளேயே உற்பத்தி செய்து தங்களுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும் ஒரு கூட்டமைப்பை அவர் முன்வைத்தார். ஒரே ஊர் தன்னிறைவு பெறுவது கடினம். பதினைந்து இருபது ஊர்கள் சேர்ந்தால் முடியும் என்பது அவர் வாதம்.

இந்தச் சிந்தனைக்கு ஜே.சி. குமரப்பா முன்னோடி. ஒரு லட்சம் மக்களுக்குச் சமச்சீர் உணவு வேண்டுமென்றால் தானியத்துக்கு எத்தனை ஏக்கர், பருப்புக்கு எத்தனை, காய்கறிக்கு எத்தனை என்று கணக்கிட்டுக் காட்டியவர் அவர். கணித ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்: விகிதப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

குத்தம்பாக்கம் முழுத் தன்னிறைவு பெற்றுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சென்னை மேற்கே வளர வளர, இப்பகுதியின் வயல்கள் மனைகளாகின்றன. தொழிற்கூடங்களும் புதிய பேருந்து முனையத்துக்கான கட்டுமானமும் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கேள்வி பழையதாகவில்லை.

அதன் கூர்மையை 2020 காட்டியது. கொரோனா தொற்றால் மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்தச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாறியது. செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேடு மீண்டும் திறந்தது. நான்கு மாதங்களுக்கு மேல், சென்னை மாநகரம் முழுமைக்குமான தக்காளியும் வெங்காயமும் குத்தம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் லாரி லாரியாக இறங்கின. ஆனால் அது மொத்த வியாபாரத்துக்கான சந்தை. கால் கிலோ கத்தரிக்காய் வாங்க அங்கே போக முடியாது. ‘அருகில் இருப்பது’ வேறு, ‘கைக்கு எட்டுவது’ வேறு என்பதை விளக்க, மாணவர்கள் தாங்களே வாழ்ந்து கண்ட இந்த ஆண்டைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை.

இப்போது செயல்பாட்டுக்கு வருவோம். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை நடத்தலாம். இரண்டு வாரம் போதும். முதலில் கரும்பலகையில் ஊரின் தெருக்களை மாணவர்களே வரையட்டும். நியாய விலைக் கடை, மளிகைக் கடை, பெட்டிக்கடை, பால் வாங்கும் இடம், இறைச்சிக் கடை, வாரச்சந்தை கூடும் இடம் எல்லாம் அதில் வரும். அடுத்து நகரும் கடைகள். மொபட்டில் கீரைக்கட்டு கொண்டுவருபவர், ஒலிபெருக்கி கட்டி வரும் தக்காளி வண்டி, தலையில் கூடையோடு மீன் விற்பவர். எந்த வரைபடச் செயலியிலும் இவர்கள் இருக்க மாட்டார்கள். நம் ஊரை உணவுப் பாலையாகாமல் காப்பவர்களில் பாதிப்பேர் இவர்கள்தான். அவர்கள் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வரை வருகிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். வண்டி எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது என்பது முக்கியம். காலனிக்குள் வராமல் முதன்மைச் சாலையோடு போய்விடும் வண்டி பற்றி மாணவர்கள் சொல்வதை நாம் கூர்ந்து கேட்க வேண்டும்.

பிறகு கிலோமீட்டரை அழித்துவிட்டு நிமிடங்களை எழுதச் செய்யுங்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் சேர வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் சந்தைக்குப் போகும் செலவு குறைந்தது. பேருந்து எத்தனை மணிக்கு ஒன்று என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய் இரவு ஏழு மணிக்குத் திரும்பும்போது எந்தக் கடை திறந்திருக்கிறது, அங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்பதையும் தனி வண்ணத்தில் காட்டலாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெட்டிக்கடையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தில் அச்சிட்டுள்ள எடையைப் படித்து, 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிடச் சொல்லுங்கள். அதே 100 கிராம் வேர்க்கடலையோ வாழைப்பழமோ என்ன விலை என்று பக்கத்தில் எழுதட்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளும் கண்ணை விரிப்பார்கள்.

ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். கடைகளைப் பற்றிக் கேளுங்கள். தட்டுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். “நேற்று இரவு உன் வீட்டில் என்ன சாப்பாடு?” என்று வகுப்பில் எழுப்பிக் கேட்பது கற்பித்தல் அல்ல. ஒன்றும் சமைக்காத வீடு இருக்கும்; மாட்டிறைச்சி சமைத்ததைச் சொல்லத் தயங்கும் பிள்ளை இருக்கும். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தையும் இருக்கலாம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாட்டில் அக்குடும்பம் இங்கேயே பொருள் வாங்க இடமுண்டு. அது பெற்றோருக்குத் தெரியுமா என்று தனியே, அமைதியாக விசாரிப்பது ஆசிரியரின் வேலை.

பள்ளியையும் வரைபடத்தில் குறிக்க மறக்கக் கூடாது. ஊரில் எல்லாக் குழந்தைக்கும் முட்டை உறுதியாகக் கிடைக்கும் இடம் பல நேரங்களில் அது ஒன்றுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அந்த விழா நடந்த கீழச்சேரி நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர். 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கான திட்டம் அது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் காலை உணவு எங்கே என்பதையும், கோடை விடுமுறையில் மதிய உணவு எங்கே என்பதையும் வரைபடம் தானாகவே கேட்கும்.

முடித்த வரைபடத்தை வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டு மறப்பது வீண். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே அதை விளக்கட்டும். ஊராட்சி உள்ள இடங்களில் கிராம சபைக்கும் கொண்டுபோகலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கோரிக்கை சிறியதாக இருந்தால் நிறைவேற வாய்ப்பு அதிகம். காய்கறி வண்டி கடைசித் தெரு வரை வர ஒரு பள்ளத்தை மூடுவது, மகளிர் குழுவின் கீரைக்கடைக்குப் பேருந்து நிறுத்தத்தில் மாலை நேர இடம், நியாய விலைக் கடையில் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்ற அறிவிப்புப் பலகை, இவை போன்றவை.

ஒரே வரைபடத்தை இரண்டு முறை போடுங்கள். ஜூலையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை நடக்கும் நவம்பரில் ஒன்று. மழையில் எந்த வண்டி வருவதை நிறுத்துகிறது, தக்காளி விலை எங்கே போய் நிற்கிறது, எந்தத் தெரு தனித்துவிடப்படுகிறது என்பது இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும்.