மலாவி நாட்டுத் துவரை

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், மொசாம்பிக், சாம்பியா, தான்சானியா ஆகிய நாடுகளுக்கிடையே நீண்டு ஒடுங்கி அமைந்துள்ள சிறு நாடு மலாவி. 1964ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். உலகின் மிக வறிய நாடுகளுள் இதுவும் ஒன்று. இந்நாட்டைப் பற்றி நாம் ஏன் அறியவேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் நாட்டுச் சந்தைக்கு வரும் துவரையில் ஒரு பகுதி அங்கு விளைந்ததாகும்.

நாட்டின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மலாவி ஏரியாகும். இருந்தும் சாகுபடி பெரும்பாலும் மானாவாரியே. ஏரி பள்ளத்தாக்கில் சுமார் 475 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. பயிர் செய்யும் மேட்டுச் சமவெளிகளோ 1,000 மீட்டருக்கு மேல் உள்ளன. எனவே, நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரே மழைப் பருவத்தை நம்பியே விவசாயம் நடைபெறுகிறது. உணவுப் பயிர் மக்காச்சோளம். முக்கிய ஏற்றுமதிப் பயிர் புகையிலை. குடும்பத்திற்கு ஓர் எக்டருக்கும் குறைவான நிலமே இருப்பதால், ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் மக்காச்சோளம் விதைத்து மண்ணின் தழைச்சத்து குறைந்துவிட்டது.

உரம் இடலாமே எனலாம். மலாவிக்குக் கடற்கரை கிடையாது. உரம் மொசாம்பிக்கின் பெய்ரா, நக்காலா போன்ற துறைமுகங்களில் இறங்கி, நெடுந்தூரம் பயணம் செய்து வரவேண்டும். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரயில் பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, சரக்குகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வழியாகச் சுற்றிவர நேர்ந்தது. மூட்டையின் விலையில் வண்டிக்கூலியும் சேர்ந்தே உள்ளது. 2005-06 முதல் அரசு மானிய விலையில் உரம் வழங்கி விளைச்சலைப் பெருக்கியது. ஆனால் அச்செலவு அரசின் வரவு செலவையே அழுத்தியது. 2023 நவம்பரில் நாணய மதிப்பு குறைக்கப்பட்டதும், வெளிநாட்டிலிருந்து வரும் உரம் மேலும் எட்டாததாயிற்று.

இந்நிலையில்தான் துவரை கைகொடுக்கிறது. அங்கு அதன் பெயர் நண்டோலோ. தென்பகுதி விவசாயிகள் முதல் மழையிலேயே, மக்காச்சோளக் குத்துகளுக்கிடையே அதே பாரில் துவரையை ஊன்றுகின்றனர். துவரை முதல் இரு மாதங்கள் மெதுவாகவே வளருமாதலால் மக்காச்சோளத்துடன் போட்டியிடுவதில்லை. கதிர் அறுவடையான பின், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டு கிளைத்துப் பூத்து, சூலை முதல் செப்டம்பருக்குள் காய் முற்றுகிறது. உதிரும் இலை மண்ணுக்குத் தழைச்சத்தாகிறது; மார் அடுப்பெரிக்க உதவுகிறது. வாடல் நோயைத் தாங்கும் கச்சாங்கு என்ற நீண்டகால இரகம் அங்கு வெளியிடப்பட்டுள்ளது. நிலக்கடலையில் துவரையைக் கலந்து, மறு ஆண்டு மக்காச்சோளம் விதைக்கும் முறையும் பரிந்துரைக்கப்படுகிறது. நிலக்கடலையில் துவரை நம் மானாவாரி விவசாயிகளுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கமன்றோ!

நாட்டின் நடுப்பகுதியில் இது அவ்வளவாகப் பரவவில்லை. காரணம், ஆடு. மக்காச்சோள அறுவடைக்குப்பின் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுவது அங்கு வழக்கம். வயலில் பச்சையாக நிற்பது துவரை மட்டுமே. ஊரார் கூடி மேய்ச்சலைக் கட்டுப்படுத்தாமல் தனியொருவர் துவரை பயிரிட்டுப் பயனில்லை. விதை, இரகம் பற்றியே பேசும் நம் போன்ற உழவியலார் இதனை எளிதில் மறந்துவிடுகிறோம்.

மற்றொரு சிக்கல் விலை. ஏற்றுமதியாகும் துவரைக்கு முக்கியச் சந்தை இந்தியாவே. அங்கு ஆகஸ்டு வாக்கில் அறுவடையாகும் துவரை, நம் புதுத் துவரை டிசம்பரில் வருவதற்கு முன், இருப்பு குறைந்திருக்கும் மாதங்களில் வந்து சேர்கிறது. 2015இல் இங்கு பருப்பு விலை கடுமையாக உயர்ந்தபோது அங்கும் நல்ல விலை கிடைத்தது. அடுத்து இங்கு அமோக விளைச்சல் கண்டு விலை சரிந்தது. நம் விவசாயிகளைக் காக்க, 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன் என்று அரசு வரம்பு விதித்தது. மொசாம்பிக் 2016லேயே இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. மலாவிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அறுவடை முடிந்த வேளையில் வாங்குவாரின்றி, அங்கு விலை வீழ்ந்தது. 2021இல்தான் ஆண்டுக்கு 50,000 டன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு மலாவியிலிருந்து வாங்க உடன்பாடு ஏற்பட்டது.

நவம்பர் மழையில் விதை ஊன்றும் மலாவி விவசாயிக்கு, பத்து மாதம் கழித்து இந்தியா என்ன விலை தரும் என்பது தெரியாது. ஆனால் துவரை வேரும் இலையும் சேர்க்கும் தழைச்சத்து, விலை எதுவாயினும் அவர் நிலத்திலேயே தங்கும்.