தறி நின்ற வீட்டில் நண்பரின் உதவியை ஏற்பது எப்படி

ஆரணியில் பட்டுத்தறி வீட்டில் பிறந்தவரிடம் யாராவது பணத்தை நீட்டினால், "இதை எப்படிக் கழிப்பார்கள்?" என்றுதான் மனம் முதலில் கேட்கும். முதலாளியிடம் வாங்கும் முன்பணம் நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கிய தொகை கூலியில் கழிந்துகொண்டே இருக்கும். பாக்கி தீரும்வரை வேறொருவரிடம் பாவு வாங்குவது கஷ்டம். அதனால்தான் ஆலயத்தில் பல வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய நண்பர் வந்து கேட்டாலும், "ஒண்ணும் வேணாம்ணா, கர்த்தர் பாத்துப்பார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கர்த்தர் அனுப்பிய ஆளே அவராக இருக்கலாம். அவர் தரும் உதவியை இன்னொரு முன்பணமாக மாறவிடாமல் வாங்கிக்கொள்ளும் வழியைப் பார்ப்போம்.

யாரிடம் கேட்பது

கைத்தொழில்காரரின் மானம் பவுலுக்கும் இருந்தது. கூடாரம் செய்வது அவர் தொழில். கொரிந்துவில் அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கி வேலை பார்த்தார் (அப்போஸ்தலர் 18). அந்த ஊர்ச் சபையிடம் பணம் வாங்க மறுத்தார் (2 கொரிந்தியர் 11). ஆனால் சிறையில் இருந்தபோது பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பியதை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார் (பிலிப்பியர் 4). ஒரே மனிதர் ஓர் ஊரில் வேண்டாம் என்றார், இன்னோர் ஊரில் வாங்கினார். எல்லாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. எல்லாரையும் தள்ளிவிடவும் வேண்டாம்.

கஷ்டம் வருவதற்கு முன்பும் உங்கள் வீட்டுக்கு வந்துபோனவர், சொன்னதை வெளியே கொட்டாதவர், உங்கள் தவறை முகத்துக்கு நேரே சொன்னவர்: இப்படி இரண்டு மூன்று பேர் போதும். கொடுத்ததைச் சாட்சி நேரத்தில் ஊரறியச் சொல்லக்கூடியவரிடம் நன்றி சொல்லி விலகிக்கொள்ளலாம்.

சபைக்குள்ளும் யார் வீட்டுச் சோறு என்று பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கஷ்ட காலத்தில் எந்தத் தெருவிலிருந்து சாப்பாடு வந்தாலும் வாங்கி, வந்தவரையும் உட்காரவைத்துச் சேர்ந்து சாப்பிடுங்கள். ஒரே திருவிருந்தில் பங்கெடுப்பவர்கள் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது?

என்ன கேட்பது

"ஏதாவது தேவைன்னா சொல்லுங்க" என்று நண்பர் சொல்வார். "சரி" என்போம். அதோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே ஒரு தாளில் இந்த வாரத்துக்கு என்னென்ன தேவை என்று எழுதிவையுங்கள். எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் பணம் சம்பந்தமில்லாத வேலையாகத்தான் இருக்கும். தார் சுற்ற ஆள் வேண்டும். பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கக் கை வேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும். சி.எம்.சி.யில் காட்ட வேலூருக்குக் கூட வர ஒருவர் வேண்டும்.

பிறகு நாளும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். "அண்ணா, வியாழக்கிழமை காலைல அம்மாவை வேலூர் கூட்டிட்டுப் போறேன். மருந்துச்சீட்டு வரிசையில நிக்க நீங்க கூட வரீங்களா?" இப்படிக் கேட்டால் அவரால் முடியும், முடியாது என்று நேராகச் சொல்ல முடியும். முடியாது என்றால் வருத்தப்படாமல் அடுத்தவரைக் கேட்கலாம்.

தறியில் பாதி நெய்த சேலை நிற்கிறதா? தொழில் தெரிந்த நண்பர் உட்கார்ந்து முடித்துத் தர முன்வரலாம். கை மாறினால் அடிப்பின் இறுக்கம் மாறும், சேலையில் அது தெரியும். ஆகவே முதலாளியிடமோ சங்கத்திலோ முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்காரவையுங்கள். கூலி யாருக்கு என்பதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.

பணம் வரும்போது

இங்கேதான் நட்பு முறிகிறது. பணம் கைக்கு வரும்போதே கேட்டுவிடுங்கள்: "அண்ணா, இது திருப்பித் தர வேண்டிய பணமா, கொடுத்ததா?" கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விட்டால் மூன்று வருடம் கழித்து அவர் ஒன்று நினைத்திருப்பார், நீங்கள் வேறொன்று நினைத்திருப்பீர்கள். கடன் என்றால் தொகையையும் தவணையையும் எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தது என்றால் நன்றி சொல்லி வாங்குங்கள். "எப்படியாவது திருப்பித் தந்துடறேன்" என்று அதைக் கடனாக்காதீர்கள்.

இரண்டை மட்டும் நண்பரே தந்தாலும் வாங்க வேண்டாம். ஒன்று, அடகு வைக்க இரவல் நகை. மீட்க முடியாமல் போனால் அழுவது அவர் மனைவி. இன்னொன்று, உங்கள் கடனுக்கு அவருடைய ஜாமீன் கையெழுத்து. நீதிமொழிகள் பிணைப்படுவதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிப்பது சும்மா இல்லை.

நோய் பெரிதென்றால் நண்பர்களின் பையைத் தொடுவதற்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. வருமானச் சான்றிதழுக்கு அலையவும், திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக்குத் துணையாக வரவும் நண்பரைக் கேட்கலாம். கையில் காசில்லாத நண்பர்கூடத் தரக்கூடிய பெரிய உதவி இது.

உடம்பை ஒப்புக்கொடுப்பது

பணம் வாங்குவதைவிடக் கடினம், படுக்கையில் கிடக்கும்போது பிறர் கையால் கழுவப்படுவதும் தூக்கப்படுவதும். வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்து கிடந்தார். மருத்துவராக இருந்தவர் நோயாளியானார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த பால் பிராண்ட் அவரை விட்டுவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று ஊக்கினார். மேரி வர்கீஸ் அப்படியே செய்தார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். பிறர் தள்ளிய நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் எத்தனையோ பேரின் விரல்களை மடங்கவும் நிமிரவும் வைத்தார். உதவி வாங்குபவர் ஒன்றுக்கும் ஆகாதவர் என்ற எண்ணம் தலைதூக்கும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாய் தவறும் நண்பர்கள்

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூட உட்கார்ந்து வாய் திறக்கவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கியதும் கெட்டது. "விசுவாசம் குறைஞ்சிடுச்சு", "ஏதோ பாவம் இருக்கு" என்பவர் உங்கள் வீட்டுக்கும் வருவார். வாதாட வேண்டாம். "அண்ணா, இப்ப பேச்சைத் தாங்குற நிலையில நான் இல்ல. கொஞ்ச நேரம் கூட உக்காருங்க, போதும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

ஜெபக் குறிப்பிலும் கவனம் வேண்டும். மகனின் குடியையோ மகளின் வாழ்க்கைச் சிக்கலையோ அப்படியே கொடுத்தால் திங்கட்கிழமை கடைத்தெருவில் பேச்சாகும். "ஒரு குடும்பத் தேவை" என்று எழுதினால் போதும். உள்விவரம் அந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும். ஒன்றை மட்டும் அவர்களிடம் மறைக்காதீர்கள்: உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள், இரவில் தனியாக இருக்காதீர்கள். 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

போதும் என்று சொல்வது

கிடைத்தது, நிறைவாயிருக்கிறேன் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதித் தெரிவித்தார். நீங்களும் சொல்லுங்கள். தறி மறுபடி ஓடத் தொடங்கியதும் உதவியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், கொடுத்த பணம் எதற்குச் செலவானது, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, இனி எது தேவையில்லை என்று விவரமாகச் சொல்லுங்கள். கடன் ஏதும் இருந்தால் முதல் தவணையை அன்றைக்கே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.