அளவுத்திருத்தக் கோடும் அறியாச் செறிவும்

கங்கைச் சமவெளியில் குழாய்க்கிணற்று நீர் தெளிவாய்த் தோன்றினும், அதில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கரைந்திருத்தல் கூடும். மேற்கு வங்கத்தில் இதனால் விளையும் தோல் நோயை 1983-ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சார்ந்த டாக்டர் கே. சி. சாகா கண்டறிந்தார். உலகச் சுகாதார நிறுவனம் 1993-இல் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதைக் குடிநீருக்குரிய வழிகாட்டு அளவாக வகுத்தது.

கல்கத்தாவின் கிடர்பூரில் ஒரு குழாய்க்கிணற்று நீர் ஆய்வுக்கு வந்ததெனக் கொள்க. அணு உறிஞ்சல் கருவி செறிவை நேரே கூறுவதில்லை. ஒளி உறிஞ்சப்பட்ட அளவையே எண்ணாகத் தருகிறது. எனவே செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களை முதலில் அளந்து, இரண்டிற்கும் உள்ள தொடர்பை நிறுவுதல் வேண்டும். இத்தொடர்பே அளவுத்திருத்தக் கோடு.

விளக்கத்திற்காகச் சில எண்களைக் கொள்வது நலம். கணினி விரிதாளின் முதல் நிரலில் 0, 10, 20, 30, 40 மைக்ரோகிராம் எனச் செறிவுகளை எழுதுக. அவற்றிற்கு நேரே இரண்டாம் நிரலில் 0.004, 0.052, 0.101, 0.148, 0.195 என உறிஞ்சளவுகளை எழுதுக. இவற்றைப் புள்ளிகளாக வரைந்து, நேர்கோட்டில் அமைகின்றனவா என்று கண்ணால் காண்க. பின்னர் ‘ஸ்லோப்’, ‘இன்டர்செப்ட்’ என்னும் சார்புகளில் உறிஞ்சளவை முன்னும் செறிவைப் பின்னும் இடுக. சாய்வு 0.00478 எனவும், வெட்டுத்துண்டு 0.0044 எனவும் கிடைக்கும்.

கிணற்று நீரின் உறிஞ்சளவு 0.050 ஆயின், அதினின்று வெட்டுத்துண்டைக் கழித்துச் சாய்வால் வகுக்க வேண்டும். விடை 9.5 மைக்ரோகிராம். கழிக்க மறந்து வகுத்தால் 10.5 எனப் பிழையாக வரும். ஒரு சிறு கழித்தல் கிணற்றை வரம்பின் மறுபுறம் தள்ளிவிடுகிறது!

ஆயினும் 9.5 என்றதும் நீர் நன்று என எழுதிவிடலாகாது. புள்ளிகள் கோட்டினின்று விலகும் அளவைக் கொண்டு கணக்கிடின், 95 விழுக்காட்டு நம்பிக்கையில் ஏறத்தாழ 0.6 மைக்ரோகிராம் கூடவோ குறையவோ இடமுண்டு. மெய்யளவு 10-ஐத் தாண்டியிருக்கவும் கூடுமாதலின், மறுமுறை அளந்த பின்னரே முடிவு கூறுதல் தக்கது.

கோடு 40 மைக்ரோகிராம் வரையே மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு அப்பால் நீட்டிப் படித்தல் தவறு. செறிவு மிகுந்த நீரைத் தூய நீரால் நீர்த்து அளந்து, நீர்த்த மடங்கால் விடையைப் பெருக்குக.

பயிற்சி: பத்து மடங்கு நீர்த்த நீரின் உறிஞ்சளவு 0.124. மூல நீரின் செறிவு யாது? (விடை: லிட்டருக்கு ஏறத்தாழ 250 மைக்ரோகிராம்.)