செம்பவாங்கிலிருந்து கெண்ட் ரிட்ஜுக்கு எத்தனை வழி?



பங்குனி உத்திரத்தன்று யீஷூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் தொண்டூழியம் செய்துகொண்டிருந்தோம். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில், செம்பவாங்கில் இருக்கும் நம்ம தம்பி ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். பாலிடெக்னிக், தேசிய சேவை எல்லாம் முடித்து, பல்கலைக்கழகத்தில் கணினி அமைப்பும் வலையமைப்பும் படிக்கிறார். முதலாம் ஆண்டு.

"அண்ணே, நெட்வொர்க்கிங் பாடத்துல ஃபெயில். ஏழு அடுக்கையும் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். கேள்வியைப் பார்த்ததும் ஒண்ணும் ஓடலை. கோர்ஸை விட்டுடலாமான்னு இருக்கு. வீட்ல இன்னும் சொல்லலை."

அப்பா ஷிப்ட் வேலை பார்த்து, கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை நினைத்தாலே தூக்கம் வரவில்லையாம். அவருக்கு அன்று சொன்ன பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் சிலர் இருப்பீர்கள்.

"போனைப் பார்க்காம சொல்லு. செம்பவாங் எம்ஆர்டியில ஏறி கெண்ட் ரிட்ஜ் போக எத்தனை வழி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து மூன்று வழி சொன்னார். பீஷான் போய் வட்டப் பாதைக்கு மாறுவது ஒன்று. உட்லண்ட்ஸ் போய் தாம்சன் பாதையில் கால்டிகாட் வந்து, அங்கே வட்டப் பாதைக்கு மாறுவது இரண்டு. ஜூரோங் ஈஸ்ட் வரை சுற்றி, புவன விஸ்தா வழியாகப் போவது மூன்று.

"சரி, ஒவ்வொண்ணுலயும் எத்தனை நிறுத்தம்?" எண்ணிப் பார்த்தோம். முதல் வழி 14. இரண்டாவது 15. மூன்றாவதும் 14!

தம்பி சிரித்துவிட்டார். "ஜூரோங் சுத்திப் போறதும் பீஷான் வழியும் ஒண்ணா? யாருண்ணே அப்படிப் போவாங்க?"

அங்கேதான் பாடம் இருக்கிறது. ரிப் என்ற பழைய வழிகாட்டு நெறிமுறை இப்படித்தான் எண்ணும். நடுவில் எத்தனை ரவுட்டர் என்று மட்டும் பார்க்கும். பாதை அகலமா, குறுகலா, வேகமா என்று பார்க்காது. அதன் கணக்கில் 15 தாவல்தான் எல்லை. 16 என்றால் 'போய்ச் சேர முடியாத இடம்' என்று பொருள். சின்ன வலையமைப்புக்கு அது போதும், பெரியதற்குப் போதாது.

ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை வேறு மாதிரி. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு 'செலவு' வைக்கும். வேகமான இணைப்புக்குக் குறைந்த செலவு, மெதுவான இணைப்புக்கு அதிகச் செலவு. மொத்தச் செலவு எந்தப் பாதையில் குறைவோ அதுதான் வழி. ஒரு இணைப்பு அறுந்தால், அந்தச் செய்தி அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா ரவுட்டருக்கும் பரவும். ஒவ்வொன்றும் தன் வரைபடத்தைத் திருத்தி மறுபடி கணக்குப் போடும். பீஷான் பக்கம் ரயில் நின்றால் நாம் உட்லண்ட்ஸ் பக்கம் திரும்புகிறோமே, அது மாதிரி.

ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். நமக்கு முழுப் பயணமும் தெரியும். தரவுப் பொட்டலத்துக்குத் தெரியாது. அதன் நெற்றியில் சேருமிட முகவரி எழுதியிருக்கும், முழு வழி இருக்காது. ஒவ்வொரு ரவுட்டரும் 'அடுத்து எங்கே' என்று மட்டும் தீர்மானித்து அனுப்பும். உவமை எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்று தெரிவதும் படிப்புதான்.

முகவரிக் கணக்கும் இப்படியே. ஐபி முகவரியை வீவக முகவரி மாதிரி பாருங்கள். முன்பகுதி பிளாக் எண், பின்பகுதி வீட்டு எண். மொத்தம் 32 பிட். '/26' என்றால் முதல் 26 பிட் பிளாக்குக்கு. மீதி 6 பிட் வீட்டுக்கு. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64. முதல் முகவரி வலையமைப்பின் பெயருக்கு, கடைசி முகவரி எல்லோருக்கும் பொது அறிவிப்புக்கு. மிச்சம் 62. சூத்திரம் மறந்தாலும் இந்தப் படம் மறக்காது.

இன்னொரு கணக்கு. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஐ2ஐ என்ற கடலடிக் கம்பிவடம் போட்டார்கள். நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் சென்னைக்குப் போக 16 மில்லி விநாடி, திரும்பி வர 16. மொத்தம் 32. எந்தச் சூரனாலும் இந்த வழியில் அதைக் குறைக்க முடியாது. இப்போது ஒரு சென்னை இணையத்தளத்துக்குப் பிங் அனுப்பி, 3 மில்லி விநாடியில் பதில் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? பதில் சென்னையிலிருந்து வரவில்லை. நகல் ஒன்று இங்கேயே பக்கத்தில் எங்கோ இருக்கிறது! மனப்பாடம் செய்தவருக்கு இது தெரியாது. கணக்குப் போட்டவருக்குத் தெரியும்.

'இதெல்லாம் இன்ஜினியர் மூளைக்காரர்களுக்கு' என்று நினைக்கிறீர்களா? நா. கோவிந்தசாமியை நினைத்துப் பாருங்கள். அவர் சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழ் ஏறுவதற்கு உழைத்தவர் அவர். கணியன் என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடக்கவும் முன்னின்றார். 1999இல் மறைந்துவிட்டார்.

இன்று '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே இணையப் பெயர் முடிவு இருக்கிறது. பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் முறை ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு ஆகியவற்றை வைத்தே ஓடுகிறது. அதனால் நம் தமிழ் எழுத்து உள்ளே போகும்போது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஒரு வரிசையாக மாறி, திரையில் மறுபடி தமிழாகத் தெரியும். யாரோ உட்கார்ந்து இந்தச் சிக்கலை அவிழ்த்ததால்தான் நம் மொழிக்கு அங்கே இடம் கிடைத்தது. அடுத்த சிக்கலை அவிழ்ப்பதற்கு நம்ம பிள்ளைகளும் வேண்டாமா?

தம்பிக்கு மூன்று வேலை கொடுத்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

1. இன்றிரவே வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்து வைத்த பாரத்தோடு படிப்பு ஏறாது.

2. தினமும் ஒரு முகவரிக் கணக்கு, கையால். அரை மணி நேரம் போதும். தேவாரம் பாடக் கற்றதும் இப்படித்தானே, ஒரு நாளைக்குக் கொஞ்சம்?

3. வாரம் ஒருமுறை ட்ரேஸ்ரூட் ஓட்டி, பொட்டலம் போன வழியைத் தாளில் வரையுங்கள். எந்தத் தாவலில் நேரம் திடீரென்று கூடுகிறது, ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

மறுநாள் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "அப்பாகிட்ட சொல்லிட்டேண்ணே. திட்டலை. 'மறு தேர்வு எப்போ?'ன்னு மட்டும் கேட்டார்."

கூடவே ஒரு படம். கோயில் பிரசாதப் பையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த எம்ஆர்டி பாதை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு ஐபி முகவரி எழுதியிருந்தார். ஒன்று தப்பு. எது என்று நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும்.