ஒரு நிமிடச் சண்டை

1894-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசனின் ஆய்வுக்கூடத்தை ஒட்டியிருந்த கறுப்புக் கொட்டகை ஒன்றில் மைக் லெனார்டு, ஜாக் குஷிங் என்ற இருவர் குத்துச்சண்டை இட்டனர். ஒரு சுற்று மூன்று நிமிடம் என்று குயின்ஸ்பரி விதிகள் 1867-லேயே வகுத்திருந்தன. ஆனால் அந்தக் கொட்டகையிலோ ஒரு சுற்றுக்கு ஒரே நிமிடந்தான்! வீரர்களின் களைப்பு அதற்குக் காரணமன்று. நடுவரின் இரக்கமும் அன்று. படம் பிடிக்கும் பெட்டிக்குள் அதற்கு மேல் பிலிம் கொள்ளாது என்பதே காரணம். ஆறு சுற்றுகளையும் தனித்தனியே காசு வாங்கிக்கொண்டு பெட்டியின் துளை வழியே காட்டினார்கள். கடைசிச் சுற்றைப் பார்த்தவர்களுக்கே ஒருவர் அடிபட்டு விழும் காட்சி கிடைத்தது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். இரவு உணவுக்குப்பின் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நம்மவர் யாவரும் கண்ட காட்சி ஒன்று உண்டு. சிமெண்டுத் தரையிலோ, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையிலோ இருவர் மோதுகின்றனர். பத்து விநாடிக்குள் ஒருவன் சாய்கிறான். உடனே காட்சி முதலிலிருந்து மீண்டும் ஓடுகிறது. அரசின் உரிமமோ, விளையாட்டுக் கழகத்தின் மேற்பார்வையோ இல்லாமல் நடக்கும் இவற்றை மறைவுச் சண்டைகள் என்று அழைப்போம். அன்று பிலிமின் நீளம் சுற்றின் நீளத்தை வகுத்தது. இன்று ரீல்ஸின் நீளம் மறைவுச் சண்டையின் உருவத்தையே வகுத்துக்கொண்டிருக்கிறது. இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

மறைவுச் சண்டை புதிதன்று. 1889 ஜூலை 8-இல் சல்லிவனும் கில்ரெயினும் வெறுங்கையால் மோதியது சட்ட விரோதமான சண்டையே. இடத்தை இரகசியமாக வைத்திருந்து, நியூ ஆர்லியன்சிலிருந்து ரயிலேற்றி மக்களை மிசிசிப்பி மாநிலத்தின் ரிச்பர்க்குக்குக் கொண்டுபோனார்கள். கொளுத்தும் வெயிலில் எழுபத்தைந்து சுற்றுகள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல். வெறுங்கைக்காரன் எடுத்த எடுப்பில் எதிரியின் மண்டையைக் குறிவைக்க மாட்டான். மண்டை கடினமானது, விரலெலும்போ சிறியது. கை முறிந்தால் ஆட்டம் முடிந்தது! ஆகவே பொறுமையும் மூச்சும் அங்கே பெரிய ஆயுதங்கள். இன்றைய ரீல்ஸில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு இடமேது?

படம் வந்தபின்னும் நெடுநாள் வரை சண்டை முதலில் நடந்தது, படம் அதன் பின்னே வந்தது. மயாமி நகரக் கொல்லைப்புறங்களில் மோதிய கெவின் பெர்குசனின் வீடியோக்கள் 2003 முதல் இணையத்தில் பரவின. கிம்போ ஸ்லைஸ் என்ற பட்டப்பெயரில் உலகம் அவரை அறிந்தது. 2008 மே 31-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் முன்னிரவு நேரத்திலேயே அவர் சண்டை ஒளிபரப்பாயிற்று. அதே 2008-இல் வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க்கில் கிறிஸ் வில்மோர் என்பவர் ஸ்ட்ரீட்பீப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். பகை கொண்டவர்கள் துப்பாக்கியை எடுக்காமல், கையுறை மாட்டிக் கொல்லைப்புறத்தில் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். அங்கே நடுவர் உண்டு; விதி உண்டு; சண்டை முடிந்தபின் கைகுலுக்கலும் உண்டு. யூடியூபில் முழுச் சண்டையைப் பார்ப்பவர் இவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்.

குறுவீடியோ வந்தபின் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. நம் நாட்டில் டிக்டாக் 2020 ஜூன் 29-இல் தடைசெய்யப்பட்டது. சில நாளில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் அவ்விடத்தில் வந்து அமர்ந்தன. முன்பு சண்டை பார்க்க விரும்பியவன் தேடிப்போய்ப் பார்த்தான். இப்போதோ தேடாதவன் கண்முன்னும் அது தானாக வந்து நிற்கிறது. கடைசிவரை பார்த்தார்களா, மறுபடி பார்த்தார்களா என்பதைக் கணக்கிட்டே எதை யாருக்குக் காட்டுவது என்று இயந்திரம் முடிவு செய்கிறது. கட்டைவிரல் நகரும்முன் ஏதேனும் நடந்தாக வேண்டும். ஆகவே வெட்டுபவர் முன்கதையை நீக்குகிறார். வளைய வந்து அளவெடுப்பதை நீக்குகிறார். விழுந்தவன் எழுந்தானா என்பதையும் நீக்கிவிடுகிறார். எஞ்சுவது தலையில் விழும் அடி ஒன்றே. அடுத்த வாரம் மோத வருகிறவன் இந்தத் துணுக்குகளைப் பார்த்துத்தான் சண்டை கற்றிருக்கிறான்!

இதன் எல்லையை 2025-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கண்டோம். 'ரன் இட் ஸ்ட்ரெய்ட்' என்பது அதன் பெயர். ரக்பி விளையாட்டிலிருந்து மோதலை மட்டும் கிள்ளியெடுத்த பந்தயம் அது. ஒருவன் பந்துடன் நேராக ஓடிவர, மற்றவன் எதிரே ஓடிவந்து இடிக்க வேண்டும், விலகக் கூடாது. இதை வெட்டவே வேண்டியதில்லை. முழு ஆட்டமுமே சில விநாடிதான். ரீல்ஸுக்கென்றே பிறந்த விளையாட்டு எனலாம். பரிசுப் பணம் வைத்து அரங்கிலும் நடத்தினார்கள். அதே ஆண்டு மே மாதம், பாமர்ஸ்டன் நார்த் நகரில் நண்பர்களோடு இதை ஆடிய பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தலைக்காயத்தால் இறந்தார்.

பௌதிகம் படிப்பவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. தொண்ணூறு கிலோ எடையுள்ள இருவர், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே ஓடிவருவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரிடமும் உள்ள இயக்க ஆற்றல் 1,620 ஜூல். ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவன் தரையைத் தொடும்போது பெறும் வேகம் இதுவே. நம் விடுதி மதிற்சுவரின் மேலிருந்து தலைகீழாக விழ யாராவது பந்தயம் கட்டுவார்களா?

ஆயினும் நேரான இடியைவிடத் தலையைத் திருப்பிவிடும் அடியே பெருங்கேடு. ஹோல்பர்ன் என்ற ஆக்ஸ்போர்டு பௌதிக அறிஞர் 1943-இல் இதை விளக்கினார். மூளை நீரைப் போல அமுக்கத்துக்கு எளிதில் இடங்கொடாது. ஆனால் உருக்குலைக்கும் விசைக்கு உடனே இணங்கிவிடும். மண்டையோட்டு வடிவத்துக்குள் ஜெலட்டினை ஊற்றிச் சுழற்றிப் பார்த்து, எங்கெங்கே அது திரிபடுகிறது என்று அவர் கண்டார். ஒரு கிண்ணத்துத் தயிரைத் தூக்கி நேரே வைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள்! தாடையின் பக்கவாட்டில் விழும் குத்து தலையைத் திருப்புவதும் இவ்வாறே. ரீல்ஸ் மிக விரும்பிக் காட்டுவதும் அந்தக் குத்தையே.

அடியின் விளைவு அடித்த விநாடியில் முழுதும் தெரிவதில்லை. சில காயங்களில் மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசிந்து தேங்கும். அடிபட்டவன் எழுந்து, பேசி, சிரித்து, படம் எடுக்கவும் நிற்பான். சில மணி நேரம் கழித்தே சரிவான். மூளை அதிர்ச்சி ஆறுமுன் மறுபடி அடிபட்டால் மூளை வீங்கி உயிர்போவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் மறதியையும் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவைத்தார். இவற்றை எண்ணித்தான் முறையான குத்துச்சண்டையில், தலையடிபட்டு நினைவிழந்தவனைப் பல வாரங்கள் களத்தில் இறங்க விடுவதில்லை. மறைவுச் சண்டையில் அந்த ஏட்டை வைத்திருப்பவர் யார்? சென்ற வாரம் ஓரிடத்தில் விழுந்தவன் இந்த வாரம் வேறோரிடத்தில் நிற்கலாம், கேட்பாரில்லை.

என் விடுதித் தாழ்வாரத்திற்கும் சென்ற பருவத்தில் இரண்டு சோடிக் கையுறைகள் வந்து சேர்ந்தன. கையுறை குத்துபவனின் விரலைத்தான் காக்கும். வாங்குபவனின் மூளை சுழல்வதை அது நிறுத்தாது. ஆடுவோரைத் தடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. ஆகவே பக்கத்தில் நிற்போர் அறியவேண்டியதையாவது எழுதிவிடுகிறேன். நினைவு ஒரு கணம் தப்பினாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதல் இரண்டு நாள் அவனைத் தனி அறையில் விட்டுவிடாதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், கண்மணிகளுள் ஒன்று மற்றதைவிடப் பெரிதாதல், கை கால் சோர்வு, வலிப்பு, எழுப்பியும் விழிக்காத உறக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 112-ஐ அழைத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தில் அடிபட்டது என்பதையும் சொல்லுங்கள்.