ஆட்குறைப்பு: மூப்பா, திறமையா?

அரசு ஊழியர் ஒருவர் வேலை இழந்தால், அடுத்த மாதமே அது நம் கடைப் பற்றுக் கணக்கில் தெரிந்துவிடும். ஆகவே ஆட்குறைப்பு முறையை வணிகர்களாகிய நாமும் அறிந்திருத்தல் நலம்.

இதில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. முதலாவது மூப்பு. மத்திய அரசு அலுவலகத்தில் பதவிகள் குறைக்கப்பட்டால், பணியில் இளையவரே முதலில் உபரி ஆவார். அவருக்கு வேறு துறையில் இடம் தேடப்படும். தொழிற்சாலைகளுக்கான 1947 தொழில் தகராறு சட்டமும் கடைசியில் சேர்ந்தவரையே முதலில் அனுப்பச் சொன்னது; மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றது.

இரண்டாவது திறமை. மத்திய அரசின் அடிப்படை விதி 56(ஜெ)யின்படி, பதவிக்கேற்ப 50 அல்லது 55 வயதானவரின் பணிப் பதிவேடுகளை ஆராய்ந்து, மூன்று மாத முன்னறிவிப்புடன் ஓய்வு கொடுக்கலாம். இது தண்டனை அல்ல, ஓய்வூதியம் பறிபோகாது.

இரண்டையும் பார்க்காமல் நீக்கினால் என்ன ஆகும்? நம் மாநிலத்தில் 1989இல் நியமிக்கப்பட்ட மக்கள் நலப் பணியாளர்கள் 1991, 2001, 2011 என மூன்று முறை, ஆட்சி மாறியதும் மொத்தமாக நீக்கப்பட்டனர். இடையில் இருமுறை திரும்ப எடுக்கப்பட்டனர். 2011இல் வேலை இழந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 13,500 பேர். மூத்தவர் யார், நன்கு உழைத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஆள் வளர்த்த பூமி நம் செட்டிநாடு. நம் கடைகளிலும் ஒவ்வொருவரும் சேர்ந்த தேதியை எழுதி வைப்போம். வேலையில் குறை கண்டால் அன்றே சொல்லி, குறித்தும் வைப்போம். வியாபார மந்தத்தைச் சாக்கிட்டுப் பிடிக்காதவரை அனுப்புவது மட்டும் வேண்டாம். அதைப் பார்க்கும் மற்றவர்களுக்கும் நம்மீது நம்பிக்கை போய்விடும்.