வெடிபொருட் பெட்டியில் எழுந்த திருவுருவம்

செல் கோது, துருவேறிய இரும்பு, வெடிபொருள் அடைத்துவந்த மரப்பெட்டி என்பன வன்னி நிலத்தார்க்குப் புதியன அல்ல. இத்தகைய பொருள்களைக் கலைப்பொருளாக்கி விற்று, காயமுற்ற போர்வீரரின் மருத்துவத்துக்குப் பணந் திரட்டிய முயற்சியொன்றை ஈண்டு நோக்குவாம்.

2014 ஆம் ஆண்டு உக்ரேன் நாட்டின் கிழக்கிலே போர் மூண்டது. கீவ் நகரத்து ஓவியர் ஒலெக்சாந்தர் கிளிமென்கோ என்பார், வெறுமையான வெடிபொருட் பெட்டிகளைக் கண்டார். அவற்றின் மூடி, பலகைகளை அருகருகே பொருத்திக் குறுக்குச் சட்டம் அறைந்து செய்யப்பட்டது. அந்நாட்டுக் கீழைத் திருச்சபையார் வழிபாட்டுருவம் எழுதும் பழைய பலகைகளும் ஏறக்குறைய அவ்வாறே அமைந்தவை. இவ்வொப்புமையே முயற்சிக்கு வித்தாயிற்று. அவரும் அவர் மனைவியார் சோபியா அத்லாந்தோவாவும் அம்மூடிகளின்மேல் மரியன்னை முதலியோர் உருவங்களைத் தீட்டினர். விற்று வந்த பணம், பிரோகோவ் என்னும் பழைய போர்க்கள மருத்துவரின் பெயர் தாங்கிய தொண்டர் நடமாடும் மருத்துவமனைக்கு உதவிற்று. படைவீரரேயன்றிப் பொதுமக்களும் அங்கே சிகிச்சை பெற்றனர்.

முன் பயன்பட்ட கல்லும் மரமும் திருவுருவுக்கு ஆகா என்பது நம் சிற்பிகளின் வழக்கு. ஆதலின் கொலைக்கருவி கிடந்த பலகையிலே தெய்வவுருவோ என நம்மவர் மனம் கூசுதல் இயல்பே. ஆயின் அவ்வோவியர் பலகையின் பழமையை மறைத்தாரல்லர். ஆணித்துளையும் கீறலும் இரும்புப் பூட்டும் உருவத்தின் அருகே தெரியவே விட்டனர். அவற்றை இழைத்து மெருகிட்டிருப்பின் படம் அழகாயிருக்கும், செய்தி போய்விடும். இதுவே எமது துணிபு.

மொசாம்பிக் நாட்டிலும் இவ்வுண்மையைக் காணலாம். அங்கே உள்நாட்டுப் போர் 1992 இல் முடிந்தது. 1995 இல் ஆயர் தினிஸ் செங்குலானே தொடக்கிய திட்டத்தின்படி, மக்கள் துவக்குகளைக் கொடுத்துத் தையல் இயந்திரமும் துவிச்சக்கர வண்டியும் பெற்றனர். செயலிழக்கச் செய்த அத்துவக்குகளைக் கொண்டு கெஸ்டர் என்னும் கலைஞர் 2001 இல் நாற்காலியொன்று சமைத்தார். அது இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. துவக்கின் பிடியும் குழலும் அதில் நன்கு புலப்படும். லாவோஸ் நாட்டு நாபியாக் கிராமத்தவரோ போர்க்கழிவான அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கின்றனர். அக்கரண்டியைப் பார்த்து அதன் பிறப்பை அறிவார் யார்? எனினும் அது பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதனை இகழ்தல் தகாது.

மாணவர் ஒன்றை மறத்தலாகாது. கிளிமென்கோவின் கையில் வந்தது வெறும் பெட்டி. கெஸ்டரின் கையில் வந்தது செயலிழந்த துவக்கு. லாவோசிலோ பழைய இரும்பு பொறுக்கச் சென்று உயிரும் கையுங் காலும் இழந்தோர் பலர். நம் முல்லைத்தீவுப் பகுதியில் 2009 இன் பின் மிதிவெடிகள் பெருந்தொகையாக அகற்றப்பட்டன. ஆயினும் வயலிலோ பற்றையிலோ ஐயத்துக்கிடமான இரும்பு கண்டால் தொடாது விலகி, பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். சித்திர வகுப்புக்குப் பழம்பலகை வேண்டுமாயின் கடற்கரையில் உடைந்த மீன்பெட்டிகள் கிடைக்கும். ஆணித்துளைகளும் அவற்றில் உண்டு.